ஏற்புரை மட்டும் வேண்டாம்

பொன்னாடை தேசபக்தர் என்றொரு இனம் இருக்கிறது. இவரைத் தேடி நீங்கள் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. சுதந்திர தினத்தன்று உங்கள் ஊரில் நடக்கும் ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போய், முன்வரிசை சோபாவில் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, மடியில் மடிப்புக் கலையாத பொன்னாடையை வைத்துக்கொண்டு, ஒரு சிப்பாயாவது கண்ணில் பட மாட்டானா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள், அவரேதான். சிப்பாய் அகப்பட்டுவிட்டால் போர்த்துவார். போர்த்தும்போது சிப்பாயின் முகத்தைப் பார்க்க மாட்டார், போட்டோகிராபரைப் பார்ப்பார். படம் எடுத்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தக் கண்ணீர் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கைக்காசு செலவில்லாமல் வருகிற எதிலும் அவர் உண்மையாகவே நடந்துகொள்வார்.

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் கோவர்த்தனன் இந்த இனத்தில் நன்றாகத் தேறிய ஒருவர். பூர்வீகம் நகரிப் பக்கம், குடியிருப்பது திருப்பதியில். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, மேடை ஏறினால் இரண்டும் கலந்து ஒரு பிரவாகம். பழத்தைப் பிழிந்து டப்பாவில் அடைக்கிற ஃபேக்டரிக்கு அவ்வளவு உயரமான கொடிக்கம்பம் எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் நட்டிருக்கிறார். எல்லையில் சண்டை என்று டிவியில் செய்தி வந்துவிட்டால் அன்று மாலை அவர் ஃபேக்டரிப் பக்கம் தலைகாட்ட மாட்டார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, மனைவி தாட்சாயணி காபி கொண்டுவருவதற்குள் இரண்டு மலைமுகடுகளைப் பிடித்துவிடுவார். காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால், அந்தக் கோபத்தில் மூன்றாவது முகடும் அவர் கைக்கு வந்துவிடும்.

அவருடைய பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைகள். கடையில் வாங்கியவை என்றா நினைத்தீர்கள்? ஊரில் உள்ள சங்கங்கள் அவருக்குப் போர்த்தியவை. அவற்றை மடித்து, இஸ்திரி போட்டு, அடுத்த கூட்டத்தில் அடுத்தவருக்குப் போர்த்துவார். ஓரத்தில் சந்தனக் கறை பட்ட ஆரஞ்சு நிறப் பொன்னாடை ஒன்று முதலில் இவரைக் கௌரவித்தது, பிறகு ஒரு பல் டாக்டரைக் கௌரவித்தது, சுற்றிக்கொண்டு இவரிடமே திரும்பி வந்து, கடைசியில் அவருடைய ஃபேக்டரி பாய்லர்காரன் சாய்குமாரின் தோளில் போய் அடங்கியது.

பொன்னாடை விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. போர்த்திக்கொண்டவர் பேசாமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது, மைக்கைப் பிடித்து ஏற்புரை சொல்லியாக வேண்டும். ஏற்புரை என்றால் வேறொன்றுமில்லை, கோவர்த்தனன் எப்பேர்ப்பட்டவர் என்பதை அவர் காது குளிரச் சொல்வது. பல் டாக்டர், கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார், இவர் விட்டாரா? பல்லைக் கடித்துக்கொண்டு பேசிவிட்டுத்தான் போனார்.

சாய்குமார் பிராந்திய ராணுவத்தைச் சேர்ந்தவன். அது முழுநேரப் பட்டாளம் இல்லை. அவரவர் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஆண்டுக்கு இரண்டு மாதம் போல முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, அவசரம் என்றால் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவர்களின் படை. சாய்குமாரின் முகாம் எப்போதும் கார்த்திகை, மார்கழியில்தான் வரும். மாங்காய்க் காலம் ஆவணியோடு முடிந்துவிடும் என்பதால் அப்போது பாய்லர் அணைந்து, கேட் பூட்டி, வாட்ச்மேனும் நாயும் மட்டும் இருப்பார்கள். ஆகவே சாய்குமார் நாட்டுக்குச் சேவை செய்யப் போன அந்த இரண்டு மாதமும் கோவர்த்தனனுக்குச் சம்பளம் மிச்சம். தேசபக்தி இப்படிச் சீசன் பார்த்து வந்தால் யாருக்குத்தான் அதன்மேல் பக்தி வராது?

அதனால் சாய்குமாரை அவர் கொண்டாடினார். கூழ் வாங்க வரும் கம்பெனிக்காரர்களிடம் 'நம்ம மிலிட்டரி' என்று அறிமுகம் செய்வார். பாய்லர் வெக்கையில் கரி அப்பிய முகத்தோடு நிற்பவனைக் கூப்பிட்டு ஒரு சல்யூட் அடிக்கச் சொல்வார். சுதந்திர தினத்தன்று சீருடையில் வரவழைத்துக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்திப் பொன்னாடை போர்த்துவார். சாய்குமாருக்குப் பேச வராது. "ஜெய் ஹிந்த், சாருக்கு நன்றி" என்று ஒவ்வொரு வருஷமும் அதே ஏற்புரையைச் சொல்லிவிட்டு இறங்குவான். போன வருஷம் வரை சேர்ந்த பொன்னாடைகளை அவன் மனைவி காவ்யா வெட்டித் தைத்து, ஃபேக்டரிக் காம்பவுண்டுக்குள் அவர்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் ஜன்னல்களுக்குத் திரையாகப் போட்டிருந்தாள். வெயிலுக்கு நல்ல மறைப்பு.

சென்ற குளிர்காலத்தில், ஃபேக்டரி பூட்டியிருந்த நாளில், திருப்பதியில் அவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் கூட்டத்தில் கோவர்த்தனன் ஒரு பேச்சுப் பேசினார். இந்தப் பகுதிநேரப் பட்டாளத்தை இப்படிச் சும்மா வைத்திருப்பது அநியாயம் என்றார். துப்பாக்கி வாங்கிப் பரணில் போட்டு வைப்பான் ஒருவன் என்றால் அவனைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டோமா என்று கேட்டார். வருஷத்தில் இரண்டு மாதம் தரையில் தவழ்ந்து பழகிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவதற்கா சீருடை? முறைவைத்து ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். எட்டு மாதமாவது எல்லையில் நிற்க வைக்க வேண்டும். அனுபவம் வந்தால்தானே படை? இப்படி அரைமணி நேரம். அந்தச் சங்கத்தின் தலைவி மனோரமா அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். கோவர்த்தனனுக்குப் பொன்னாடை போர்த்தவும் செய்தார்கள். அன்றிரவு அவர் எதிரிகள் தொல்லையில்லாமல் தூங்கினார்.

அவர் பேசியது டெல்லிக்குக் கேட்டதோ என்னவோ, வைகாசி மாதம் செய்தி வந்தது. சாய்குமாரின் படைப்பிரிவை இனிமேல் பயிற்சியோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் முறைவைத்து, எட்டு மாதம் களத்துக்கு அனுப்புவது. கோவர்த்தனனுக்குத் தலைகால் புரியவில்லை. 'நான் சொன்னதுதான்' என்று தொலைபேசியில் ஒருவர் விடாமல் சொன்னார். ஃபேக்டரி முழுக்க லட்டு கொடுக்கச் சொன்னார். லட்டு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, பாதி தின்ற லட்டோடு சாய்குமார் ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றான்.

"என்னயும் கூப்டுட்டாங்க சார். அடுத்த வாரம் போயி ரிப்போர்ட் பண்ணணும்."

"அடுத்த வாரமா? காய் வந்து கேட்ல நிக்கப்போவுதேடா. சீசன் முடிஞ்சி வரேன்னு சொல்லு."

"அங்க சீசன் கேக்க மாட்டாங்க சார்."

கோவர்த்தனனுக்கு லட்டு தொண்டையில் நின்றது. பாய்லர் எரிந்தால்தான் நீராவி, நீராவி இருந்தால்தான் கூழ். உரிமம் வாங்கிய பாய்லர்காரர்கள் இரண்டே பேர். மற்றவர் சலீம், வயதானவர், ஒரு ஷிப்டுக்கு மேல் தாங்க மாட்டார். சீசனில் புது ஆள் தேடுவது லேசா? அப்படியே தேடிப் பிடித்தாலும் அடுத்த வருஷமும் இதே கதை, அதற்கடுத்த வருஷமும். எங்கேயோ யாருடைய ஆளையோ எல்லைக்கு அனுப்பட்டும் என்றுதானே அவர் மேடையில் கேட்டார்? அவருடைய பாய்லர் ஆளையா கேட்டார்?

கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இந்த வட்டாரத்தில் எலும்பு முறிந்தால் எல்லாரும் புத்தூருக்குத்தான் ஓடுவார்கள். மூங்கில் பட்டை வைத்து அங்கே போடும் கட்டுக்கு நாடெங்கும் பெயர். கோவர்த்தனனின் மூளை அந்தப் பக்கம் போயிற்று.

"புத்தூரு இன்னா தூரத்துலயா கீது, சாயி? அதேமாதிரி பட்டை வெச்சி நாமளே கால்ல ஒரு கட்டு கட்டிக்கினா, எவன் அவுத்துப் பார்க்கப் போறான்?"

சாய்குமார் குனிந்து தன் காலைப் பார்த்தான். "காலு நல்லாத்தான் கீது சார்" என்றான். மீதி லட்டை வாயில் போட்டுக்கொண்டு பாய்லர் பக்கம் போய்விட்டான். அந்தக் கட்டு யோசனையைச் சொன்னபோதும் கோவர்த்தனனின் சட்டையில் கொடி குத்தியபடிதான் இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. மனம் புண்பட்டுப்போயிற்று. எத்தனை பொன்னாடை போர்த்தியிருப்பார் இவனுக்கு! அத்தனையும் போர்த்தும்போது ஒவ்வொன்றும் தான் கொடுக்கிற முன்பணம் என்று அவர் நினைத்திருந்தார் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. நன்றிகெட்டவன், நாட்டைச் சாக்கு வைத்து என்னை நடுத்தெருவில் விடுகிறான் என்று மேனேஜர் நாகையாவிடம் பொருமினார். நாகையா தயங்கித் தயங்கி, இப்படிப் போகிறவன் திரும்பி வந்தால் அதே வேலையைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது சார் என்றார். கொடுக்க மாட்டேன் என்று யார் சொன்னது, வரும்போது அந்த இடத்தில் வேறொருவன் இருப்பான், அவ்வளவுதானே என்றார் கோவர்த்தனன். சட்டத்தைக் காட்டிக் கேஸ் நடத்த அவனிடம் என்ன இருக்கிறது?

நாகையா வேலூர்ப் பக்கம் விசாரித்து ஒரு பாய்லர்காரரைப் பிடித்தார். வந்தவர் நிரந்தர வேலையும் குடியிருக்க வீடும் கேட்டார். வீடு என்றால் சாய்குமாரின் குவார்ட்டர்ஸ்தான். காவ்யாவின் பிறந்த வீடு குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லியில், ஜில்லாவின் அந்தக் கோடி. அவளுடைய பெண் குழந்தை ஃபேக்டரிக்கு எதிரில் உள்ள பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. புருஷன் எல்லையில் இருக்க, பள்ளி திறந்த கையோடு குழந்தையையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? எட்டு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தால் இவர்கள் எதைத் தின்று வாழ்வார்கள்? தாட்சாயணி இதைத்தான் கேட்டாள். நாட்டுக்காகத் தியாகம் என்றால் சும்மாவா என்றார் கோவர்த்தனன், அவள் ஊற்றிய மோரைக் குடித்துக்கொண்டே.

இதில் அவர் சிந்தித்துச் செய்த ஒரே காரியம் தேதி வைத்தது. வழியனுப்பு விழா வியாழக்கிழமை, வீடு காலி செய்வது வெள்ளிக்கிழமை. முன்னதாகவே காலி செய்யச் சொல்லிவிட்டால் விழா போட்டோவில் காவ்யாவின் முகம் எப்படி இருக்கும்? நாகையா மட்டும் மனம் பொறுக்காமல் புதன்கிழமையே குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்று, தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். காவ்யா அழவில்லை, சண்டையும் போடவில்லை. விழாவில் ஏற்புரை உண்டா என்று மட்டும் கேட்டாளாம். அது இல்லாமலா என்றாராம் நாகையா.

வியாழக்கிழமை காலை ஃபேக்டரி கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் கோவர்த்தனனின் முகம் ஆளுயரத்துக்கு. கீழ்மூலையில் தபால்தலை அளவுக்குச் சாய்குமார். சாலையின் இருபுறமும் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. விழா முடிந்துதான் கேட் திறக்கும் என்று சொல்லியிருந்ததால், காய் வெயிலில் வெம்பிக்கொண்டிருந்த விவசாயிகள் எல்லாரும் இறங்கி வந்து, சீக்கிரம் முடியட்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டினார்கள். வேலூர்க்காரர் பையோடு பாய்லர் ஷெட் ஓரமாக நின்றிருந்தார். தலைமை தாங்க வந்திருந்த மனோரமா அம்மாளுக்கு முதலில் ஒரு பொன்னாடை. பிறகு கோவர்த்தனன் பேசினார். என் பிள்ளையையே அனுப்புவதுபோல் இருக்கிறது என்றார். அவருடைய சொந்தப் பிள்ளை அந்த நேரம் பெங்களூரில் ஏசி அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தார், போர்த்தினார், போட்டோகிராபரைப் பார்த்தார். "ஏற்புரை" என்று மைக்கை நீட்டினார்.

சாய்குமார் மைக்கை வாங்கி, "எனக்குப் பேச வராது, காவ்யா பேசும்" என்றான். கோவர்த்தனன் ஒரு கணம் யோசித்தார். புருஷனைப் படைக்கு அனுப்பும் இளம் மனைவி, பக்கத்தில் குழந்தை, கலங்கிய கண்கள். இதைவிட நல்ல படம் வேறென்ன வேண்டும்? பேசட்டும் பேசட்டும் என்று அவரே கையைப் பிடிக்காத குறையாக அவளை மேடையேற்றினார். தன் குழியைத் தானே வெட்டி, அதற்கு மைக்கும் வைத்துக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் காவ்யா. "இவரு போறாருன்னதும் நான் ரொம்ப பயந்துகினு இருந்தேன். எட்டு மாசம் இந்தக் கொழந்தைய வெச்சிக்கினு எங்க போறதுன்னு. சாருதான் பெரிய மனசு பண்ணாரு. உன் வூட்டுக்காரன் வர்ற வரைக்கும் குவார்ட்டர்ஸ் உன்னுது, பாய்லர் வேலை அவன்து, வருசா வருசம் கூப்டாலும் இதேதான்னு சொல்லிட்டாரு. நாங்க வாயத் தொறந்து கேக்கக்கூட இல்ல. இத வெளியில சொல்லாதன்னுதான் சாரு நெனப்பாரு, வெளம்பரம் புடிக்காதவரு. ஆனா சொல்லலன்னா என் மனசு கேக்காது."

ஆளுயர ஃபிளெக்ஸின் கீழே நின்றுதான் இதைச் சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. விவசாயிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் புரிய வேண்டுமே என்று, ஒரு வார்த்தை குறையாமல் அதையே தெலுங்கிலும் சொன்னாள். சாய்குமாருக்கே வியப்பாக இருந்திருக்கும். அவன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் விறைப்பாக நின்றான். பட்டாளத்தில் அதற்கும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

முதலில் கைதட்டியவர்கள் டிராக்டர்க்காரர்கள். இந்தத் தடவை அவசரத்துக்காகத் தட்டவில்லை. நாலைந்து பேர் ஓடிப்போய் ஹாரனும் அடித்தார்கள். இந்த முதலாளியிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர்கள் கேட்டதே இல்லை. மனோரமா அம்மாள் எழுந்தார். தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்துக் கோவர்த்தனனுக்குப் போர்த்தி, இப்படிப்பட்டவர் எங்கள் சங்கத்தில் இருப்பது எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று தழுதழுத்தார். பிறகு மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க ரூல்தான் சார். போர்த்திக்கிட்டவங்க பேசாம இறங்கக் கூடாது."

கோவர்த்தனன் மைக்கை வாங்கிக்கொண்டார். எதிரே கேமராக்கள். பக்கத்தில் காவ்யா கைகூப்பி நின்றாள். கண் மட்டும் அவர் முகத்தை விட்டு அகலவில்லை. இல்லை, நான் அப்படிச் சொல்லவே இல்லை, நாளைக்கு இவள் வீட்டைக் காலி செய்கிறாள் என்று சொல்ல எந்த மொழியிலும் அவருக்கு வாக்கியம் கிடைக்கவில்லை.

"ஆமா," என்றார். "சொன்னேன்."

உலகத்திலேயே மிகச் சிறிய ஏற்புரை அதுதான். கேட் திறந்தது. சாய்குமார் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரேணிகுண்டாவில் ரயில் பிடிக்கப் போனான். வேலூர்க்காரரிடம் சீசனுக்கு மட்டும்தான் வேலை, தங்குவது வாட்ச்மேன் அறையில் என்று பேசி முடித்தார் நாகையா. வெள்ளிக்கிழமை கோவர்த்தனன் காரில் அந்தப் பக்கம் போனபோது குவார்ட்டர்ஸ் ஜன்னலில் அந்த ஆரஞ்சும் மற்றப் பொன்னாடைகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நல்ல ஆள் நீங்கள். விழாவுக்கு மறுநாள் தெலுங்குப் பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்தவர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஒரு வாரத்துக்குள், உன் வேலை உனக்குத்தான் என்று சாய்குமாரின் தோளில் கைவைத்துத் தான் சொன்னதும் அவன் கண் கலங்கியதும் கோவர்த்தனனுக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த சங்கக் கூட்டத்தில் மற்ற முதலாளிகளைப் பார்த்து, உங்களில் எத்தனை பேர் ஒரு படைவீரனுக்கு வேலை காத்து வைத்திருக்கிறீர்கள் என்று விரல் நீட்டிக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் அதே இனம்தானே.

ஆனால் அதே வாரம் நாகையாவுக்கு ஓர் உத்தரவும் போயிற்று. இனிமேல் யாரை வேலைக்கு எடுத்தாலும் பட்டாளத்தில் பகுதிநேரமாகச் சேரும் எண்ணம் உண்டா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். சத்தியவேட்டிலிருந்து தருண் என்றொரு வாலிபன் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வந்தான். கெட்டிக்காரன். கேட்டதற்கு, ஆமாம் சார், பிராந்திய ராணுவத் தேர்வுக்குப் போய் வந்திருக்கிறேன், கிடைத்துவிடும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். கோவர்த்தனன் நாற்காலியை விட்டு எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன்னைப் போன்றவர்கள்தான் இந்த நாட்டுக்கு வேண்டும் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீரோவிலிருந்து கொண்டுவந்திருந்த பொன்னாடை ஒன்றை எடுத்துப் போர்த்தி, வேலை இப்போது காலி இல்லை என்று அனுப்பிவைத்தார். தருண் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஏற்புரை மட்டும் வேண்டாம் என்று கோவர்த்தனன் கையமர்த்திவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஃபேக்டரி இல்லை, பாய்லர் இல்லை, பீரோவில் பொன்னாடையும் இல்லை. ரொம்ப சந்தோஷம். போன ஜனவரியில் செல்போனில் கொடியை முகப்புப் படமாக வைத்தீர்களே, அதே செல்போனில்தானே உங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன், மகனைப் பட்டாளத்துக்கு ரயிலேற்றிவிட்டு வர ஒருநாள் லீவு கேட்டான்? அன்றைக்குக் கேட்டை யார் திறப்பது என்று நீங்கள் எழுதிய பதிலை ஒரு தரம் எடுத்துப் படித்துப் பாருங்கள். படித்துவிட்டுக் கைதட்டுங்கள்.